சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்ன அதிபரைப் பதவியிலிருந்து நீக்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்க அதிபர் ஒருவர் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சாட்சி சொல்லும்போது பொய் சொன்னார் என்று தெரிந்தால், அது ஒன்றே அவரைப் பதவியிலிருந்து இறக்கப் போதுமா?

நீக்கலாம், அரசியல் சட்டம் அதற்குத் தடை போடவில்லை. ஆனால் சத்தியத்தை மீறிச் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அதற்குப் போதாது. எதை மறைக்கச் சொன்ன பொய், அதை மறைக்கப் பதவியின் பலம் உபயோகப்பட்டதா, மீதிப் பதவிக்காலம் முழுக்க அவரை விட்டுவைத்தால் நாட்டுக்கு என்ன கெடுதல் என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். இதை உரசிப் பார்க்க நமக்குக் கிடைத்திருப்பது பில் கிளின்டன் மீதான 1998-99 வழக்கு. அதில் அவர் பொய் சொன்னது உண்மை. அவரை நீக்காமல் விட்டதும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று அவருக்காகப் பேசியவர்களில் பலர் சொன்ன காரணம் தவறு.

முதலில் சட்டம். அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு மூன்று காரணங்களைச் சொல்கிறது: தேசத்துரோகம், லஞ்சம், "வேறு பெரும் குற்றங்களும் தவறுகளும்". மூன்றாவதுக்கு எங்கேயும் விளக்கம் கிடையாது. ஆனால் அது எப்படி உள்ளே வந்தது என்பது தெரியும். 1787 செப்டம்பர் 8 அன்று, அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் ஜார்ஜ் மேசன், தேசத்துரோகமும் லஞ்சமும் மட்டும் போதாது, நிர்வாகச் சீர்கேட்டையும் சேர்க்க வேண்டும் என்றார். ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்தார். இவ்வளவு பொத்தாம்பொதுவான காரணத்தை எழுதிவைத்தால், செனட்டுக்குப் பிடிக்கிற வரைதான் அதிபர் நாற்காலியில் இருக்க முடியும் என்பது அவர் வாதம். மேசன் அதை விட்டுவிட்டு, "அரசுக்கு எதிரான வேறு பெரும் குற்றங்களும் தவறுகளும்" என்று மாற்றினார். மாநாடு ஏற்றுக்கொண்டது. பிறகு வாசகத்தைச் செப்பனிட்ட குழு "அரசுக்கு எதிரான" என்பதை எடுத்துவிட்டது. அந்தக் குழுவின் வேலை நடையைத் திருத்துவது, பொருளை மாற்றுவது அல்ல. அதே மாநாட்டில் இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் அடுத்த வருடம் எழுதிய விளக்கமும் அதே திசையில்தான் போகிறது: பொதுமக்கள் ஒப்படைத்த நம்பிக்கையை மீறி, சமூகத்துக்கே நேரடியாகச் செய்யும் கெடுதல்தான் இந்த விசாரணைக்கு உரியது.

நாடாளுமன்ற முறைக்குப் பழகியவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும். நம் ஊரில் சபையின் நம்பிக்கை போனால் பிரதமர் போய்விடுவார், குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதிபருக்கு நான்கு வருடம் உறுதி. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றச்சாட்டு மட்டும்தான் சுமத்த முடியும். அதற்குப் பெயர்தான் இம்பீச்மென்ட். நீக்குவதற்கு, செனட்டில் வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. நூறு பேரும் இருந்தால் 67.

அடுத்து, "பொய்" என்று சட்டம் எதைச் சொல்கிறது? இங்கேதான் விவாதம் பெரும்பாலும் குழம்புகிறது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் பொய்ச்சாட்சிக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் சொன்னது உண்மைக்கு மாறாக இருக்க வேண்டும், மாறானது என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும், விசாரணையில் உள்ள விஷயத்தைப் பாதிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது. போதாததற்கு 1973இல் உச்ச நீதிமன்றம் பிரான்ஸ்டன் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. திவால் விசாரணையில் ஒரு படத் தயாரிப்பாளரிடம், உங்களுக்கு எப்போதாவது சுவிஸ் வங்கிக் கணக்கு இருந்ததா என்று கேட்டார்கள். கம்பெனிக்கு ஆறு மாதம் ஒரு கணக்கு இருந்தது என்றார் அவர். கம்பெனியைப் பற்றிச் சொன்னது நிஜம்தான். தன் பெயரில் இருந்த கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது பொய்ச்சாட்சி ஆகாது, பதில் கேள்வியைத் தாண்டிப் போகிறது என்று கண்டால் மடக்கி மறுபடி கேட்பது வழக்கறிஞரின் பொறுப்பு என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆகவே பிடிகொடுக்காமல் பேசுவது வேறு, பொய்ச்சாட்சி வேறு. கிளின்டன் ஒரு வழக்கறிஞர், முன்பு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஆர்கன்சா மாநில அரசு ஊழியராக இருந்த பாலா ஜோன்ஸ், கிளின்டன் அங்கே ஆளுநராக இருந்தபோது தன்னிடம் பாலியல்ரீதியாகத் தவறாக நடந்தார் என்று 1994இல் வழக்குப் போட்டார். பதவியில் இருக்கும்வரை வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கிளின்டன் கேட்டார். 1997 மே மாதம் உச்ச நீதிமன்றம் 9-0 என்று மறுத்துவிட்டது. 1998 ஜனவரி 17 அன்று வாஷிங்டனில் நீதிபதி சூசன் வெபர் ரைட் நேரில் அமர்ந்திருக்க, கிளின்டன் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த மோனிகா லெவின்ஸ்கியைப் பற்றிக் கேள்விகள் வந்தன.

அவருக்கு எப்போதாவது பரிசு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். "நினைவில்லை. என்னென்ன பரிசு என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார் கிளின்டன். அதற்கு இருபதே நாள் முன்னால், டிசம்பர் 28 அன்று, வெள்ளை மாளிகையில் வைத்து அவருக்குப் பல பரிசுகளைக் கொடுத்திருந்தார். அவருடன் தனியாக இருந்ததுண்டா என்ற கேள்விக்கும் நினைவில்லை என்கிற தோரணையில்தான் பதில். பாலியல் உறவு பற்றிக் கேட்டபோது, ஜோன்ஸ் தரப்பு எழுத்தில் கொடுத்திருந்த மூன்று பகுதி விளக்கத்தில் நீதிபதி முதல் பகுதியை மட்டும் அனுமதித்தார். அந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி எதுவும் இல்லை என்று கிளின்டன் மறுத்தார். அந்த முதல் பகுதி, இன்னொருவரின் குறிப்பிட்ட உடற்பாகங்களை இச்சையோடு தொடுவதைச் சொல்கிறது. லெவின்ஸ்கி தனக்குச் செய்தது அதில் வராது என்பது கிளின்டன் பிற்பாடு சொன்ன வாதம்.

இந்த வாக்குமூலம் சட்டப்படி பொய்ச்சாட்சியா என்று கேட்டால், பரிசு பற்றிய பதிலும் தனிமை பற்றிய பதிலும் எந்தச் சந்து வழியாகவும் தப்ப முடியாதவை. அதே நீதிபதி ரைட் 1999 ஏப்ரலில், இரண்டு விஷயங்களில் — தனிமையில் இருந்தது, பாலியல் உறவு — கிளின்டன் வேண்டுமென்றே பொய்யான, திசைதிருப்பும் பதில்களைச் சொல்லி நீதி நடைமுறைக்குக் குறுக்கே நின்றார் என்று நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பே எழுதினார். "கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான்" என்று இன்றும் சொல்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

அந்தப் பதில்கள் வழக்குக்கு முக்கியமானவையா என்பதில் ஒரு சந்தேகம் எழுவது நியாயம். வாக்குமூலம் முடிந்து பன்னிரண்டு நாளில், ஜனவரி 29 அன்று, லெவின்ஸ்கி தொடர்பான சாட்சியம் ஜோன்ஸ் வழக்கின் மையத்துக்கு அவசியமில்லை என்று நீதிபதியே விலக்கிவிட்டார். ஏப்ரல் 1 அன்று வழக்கே தள்ளுபடி ஆனது. ஆனால் பொய்ச்சாட்சியில் முக்கியத்துவத்தைக் கணிப்பது பதில் சொன்ன நேரத்தை வைத்துத்தான். பின்னால் வழக்கு என்ன ஆனது என்பது கணக்கில் வராது. அன்றைக்கு அந்தக் கேள்விகளை அனுமதித்ததும் அதே நீதிபதிதான்.

அந்த வாக்குமூலத்தில் பொய் சொன்னாரா என்று குற்றவியல் விசாரணை தொடங்கியது. அதே வருடம் ஆகஸ்ட் 17 அன்று கிராண்ட் ஜூரி முன், அதாவது குற்ற வழக்குப் போட ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு முன், இரண்டாவது சாட்சியம். வெள்ளை மாளிகையின் வரைபட அறையில் உட்கார்ந்து, வீடியோ இணைப்பு வழியாகக் கிளின்டன் பேசினார். முறையற்ற நெருக்கம் இருந்தது என்று எழுதிவந்த அறிக்கையை வாசித்து ஒப்புக்கொண்டார், விவரத்துக்குள் போக மறுத்தார். அவருடைய வழக்கறிஞர் ராபர்ட் பென்னட் ஜனவரியில், லெவின்ஸ்கியின் பிரமாணப் பத்திரத்தைக் காட்டி, "எந்த வகையிலும் உறவு இல்லை" என்று நீதிபதியிடம் சொன்னபோது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார்கள். அந்த "இல்லை" நிகழ்காலத்தை மட்டும் குறித்தால் அது முழு உண்மைதான் என்றார் கிளின்டன். உலகம் முழுக்கப் பேசப்பட்ட பதில் இது. அறத்தின்படி மோசமான பதில். ஆனால் பிரான்ஸ்டன் தீர்ப்பை வைத்துப் பார்த்தால் இதைப் பொய்ச்சாட்சி என்று நிரூபிப்பது கஷ்டம்.

இரண்டு சாட்சியங்களையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் பிரதிநிதிகள் சபை சறுக்கியது இங்கேதான். 1998 டிசம்பர் 19 அன்று நான்கு குற்றச்சாட்டுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. கிராண்ட் ஜூரி முன் பொய்ச்சாட்சி 228-206 என்று நிறைவேறியது. ஜோன்ஸ் வழக்கு வாக்குமூலத்தில் பொய்ச்சாட்சி 205-229 என்று தோற்றது. நீதிக்குத் தடைபோட்டது 221-212 என்று நிறைவேறியது. அதிகார துஷ்பிரயோகம் 148-285 என்று தோற்றது. அப்பட்டமான பொய் இருந்த ஜனவரி வாக்குமூலத்தைச் சபை கைவிட்டது. பாதி ஒப்புதலும் பாதி மழுப்பலுமாக இருந்த ஆகஸ்ட் சாட்சியத்தைச் செனட்டுக்கு அனுப்பியது. கிராண்ட் ஜூரி என்பது குற்றவியல் விசாரணை, சிவில் வழக்கைவிட கனமானது என்பது அவர்கள் கணக்கு. மேடைக்கு அது எடுபடும், நிரூபிக்கும்போது உதவாது.

எழுதிய விதமும் கெடுத்தது. கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டில், உறவின் தன்மை, முந்தைய வாக்குமூலம், வழக்கறிஞர் சொன்ன பொய்யை அனுமதித்தது, சாட்சிகளைத் திசைதிருப்ப முயன்றது என்று நான்கு விஷயங்களைப் போட்டு, இவற்றில் "ஒன்றோ அதற்கு மேலோ" பொய் என்றார்கள். எந்த வாக்கியம் பொய் என்று ஒன்றைக்கூட எடுத்துக் காட்டவில்லை. செனட் விதிப்படி ஒரு குற்றச்சாட்டைப் பிரித்து வாக்கெடுக்க முடியாது. ஆக, இருபது பேர் ஒரு காரணத்துக்காகவும் இன்னும் இருபது பேர் வேறொரு காரணத்துக்காகவும் "குற்றவாளி" என்று சொல்லக்கூடிய நிலை. சாதாரண நீதிமன்றத்தில் இப்படி ஒரு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் முதல் நாளே திரும்பி வந்துவிடும்.

இனி, நீக்க வேண்டும் என்ற தரப்பின் மிக வலுவான வாதம்: நீதிபதிகளின் முன்னுதாரணம். மிசிசிப்பியின் மத்திய மாவட்ட நீதிபதி வால்டர் நிக்சன், போதைப்பொருள் வழக்கு ஒன்றில் அரசு வழக்கறிஞரிடம் பேசியதைப் பற்றிக் கிராண்ட் ஜூரி முன் பொய் சொன்னார் என்று 1986இல் தண்டிக்கப்பட்டார். முறைகேடாகப் பணப்பலன் பெற்றார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார், பொய் மட்டும் நின்றது. ராஜினாமா செய்ய மறுத்து, சிறைக்குள் இருந்தபடியே நீதிபதி சம்பளம் வாங்கினார். 1989இல் பிரதிநிதிகள் சபை ஓர் எதிர்ப்பும் இல்லாமல் 417-0 என்று குற்றம் சுமத்தியது. செனட் 89-8, 78-19 என்று இரண்டு பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளிலும் நீக்கியது. அதே வருடம் நீதிபதி ஆல்சி ஹேஸ்டிங்ஸ் நீக்கப்பட்டபோதும் பொய்ச்சாட்சி பிரதானக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, அதுவும் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்த பிறகு. இந்த இருவரையும் நீக்க வாக்களித்த செனட்டர்கள் பலர் பத்து வருடம் கழித்துக் கிளின்டன் விசாரணையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதிக்கு ஒரு நியாயம், அதிபருக்கு ஒரு நியாயமா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதற்குப் பதில் உண்டு. மத்திய நீதிபதிக்கு ஆயுள் பதவி. நன்னடத்தை உள்ளவரை என்பதுதான் அரசியல் சட்டத்தின் நிபந்தனை. இம்பீச்மென்ட்டைத் தவிர அவரை இறக்க வழியே கிடையாது. அன்றாடம் மற்றவர்களுக்குச் சத்தியம் செய்துவைத்து, யார் சொல்வது உண்மை என்று தீர்மானிப்பதே அவருடைய தொழில். தானே பொய்ச்சாட்சி சொன்னவர் அந்த நாற்காலியில் மறுபடி எப்படி உட்கார முடியும்? எண்ணூறுக்கும் மேற்பட்ட நீதிபதிகளில் ஒருவரை எடுப்பதால் ஆட்சி அசையாது. அதிபர் அப்படியல்ல. நாடு முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், நிர்வாகக் கிளையின் தலைமை முழுவதும் அவரே, பதவிக்கும் முடிவுத் தேதி உண்டு. இந்தப் பதில் எனக்குப் பாதிதான் திருப்தி தருகிறது. நீக்கும் காரணங்களைச் சொல்லும் வாசகம் அதிபருக்கும் நீதிபதிக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அதே காரணம் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதில்தான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1974 ஜூலை 30 அன்று, அன்றைய அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மீதான வருமான வரிக் குற்றச்சாட்டைப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு 26-12 என்று நிராகரித்தது. வரி விவரத்தில் கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டே. மோசடிக்கு ஆதாரம் போதாது என்று சிலர், அதிபர் அதிகாரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதே குழு சில நாள் முன்னால் 27-11 என்று ஏற்ற முதல் குற்றச்சாட்டில் பொய் இருந்தது: புலனாய்வு அதிகாரிகளிடம் பொய்யும் திசைதிருப்பலுமான அறிக்கைகள் கொடுத்தது. நிக்சன் அங்கே சத்தியமே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தப் பொய்கள், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த கும்பலைக் காப்பாற்ற, அரசின் துப்பறியும் நிறுவனங்களைத் தடுக்கச் செய்த முயற்சியின் அங்கம். சத்தியம் இருந்ததா இல்லையா என்பதைவிட, பொய் எதற்குக் காவல் நின்றது என்பதுதான் எடை கூட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

செனட் விசாரணை 1999 ஜனவரி 7 அன்று தொடங்கியது. தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் தலைமை. செனட்டர்களை ஜூரர்கள் என்று அழைக்கக் கூடாது என்று செனட்டர் டாம் ஹார்க்கின் ஆட்சேபித்தபோது ரென்குவிஸ்ட் ஒப்புக்கொண்டார்: செனட் வெறும் ஜூரி அல்ல, அது ஒரு நீதிமன்றம். உண்மை எது என்று தீர்மானிப்பதோடு, அந்த உண்மைக்கு நீக்கம் தகுமா என்று தீர்மானிப்பதும் அவர்கள் வேலை. ஆனால் வாக்கு ஒன்றே ஒன்றுதான். "செய்தார், ஆனால் நீக்க வேண்டாம்" என்று சொல்ல அந்த வாக்கில் இடமில்லை. ஜனநாயகக் கட்சி செனட்டர் ராபர்ட் பைர்ட், அதிபர் சத்தியத்தை மீறிப் பொய் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார், பிறகு விடுவிக்க வாக்களித்தார். பிப்ரவரி 12 அன்று பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டு 45-55, நீதித்தடை 50-50. குடியரசுக் கட்சிக்கு 55 இடம் இருந்தும் பத்துப் பேர் முதலாவதிலும் ஐந்து பேர் இரண்டாவதிலும் எதிர்த்தார்கள். கிளின்டனின் ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவர்கூட "குற்றவாளி" என்று சொல்லவில்லை. கண்டனத் தீர்மானம் ஒன்றையாவது நிறைவேற்றலாம் என்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் முயன்றார். அதை விவாதத்துக்கு எடுக்கவே செனட் ஒப்பவில்லை.

கிளின்டன் ஆதரவாளர்கள் அன்று அதிகம் சொன்ன காரணம்: அந்தரங்க விஷயத்தில் யாரும் பொய்தான் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. மனைவியிடமோ பத்திரிகையாளரிடமோ சொன்ன பொய் அல்ல அது. மாதாந்தரச் சம்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெண், நாட்டின் மிகப் பெரிய அதிகாரிக்கு எதிராக நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை ஜெயித்து, அவரைச் சத்தியம் செய்து பதில் சொல்லவைக்கும் உரிமையைப் பெற்றிருந்தார். அந்த உரிமையைத்தான் அந்தப் பொய் பிடுங்கியது. பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் பிரதிவாதி மற்ற ஊழியர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பது சாதாரண நடைமுறை. அங்கே பொய் சொல்லலாம் என்றால் அந்த மாதிரி வழக்குகளே நடத்த முடியாது. வழக்குத் தள்ளுபடியாகி மேல்முறையீட்டில் இருந்தபோது 1998 நவம்பரில் 8,50,000 டாலர் கொடுத்துக் கிளின்டன் சமரசம் செய்துகொண்டார்.

பிறகு ஏன் நீக்காதது சரி? அந்தப் பொய்யை மறைக்க, நிக்சன் செய்ததுபோல அரசின் துப்பறியும் நிறுவனங்களைத் தடுக்க அவர் முயலவில்லை. அதிகார துஷ்பிரயோகக் குற்றச்சாட்டைப் பிரதிநிதிகள் சபையே பெரிய வித்தியாசத்தில் தள்ளியது. செனட் முன் வந்த பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டு, நிரூபிக்கக் கடினமான சாட்சியத்தின் மேல் கட்டப்பட்டது. அத்துடன், அந்தக் குற்றத்துக்கு வேறு வழியில் தண்டனை சாத்தியமாக இருந்தது, நடக்கவும் செய்தது. நீதிபதி ரைட் ஜோன்ஸ் தரப்பு வழக்கறிஞர் செலவுக்காக சுமார் 90,000 டாலர் கட்டச் சொன்னார். பதவியில் இருக்கும் அதிபர்மேல் குற்ற வழக்குப் போட முடியாது என்பது 1973 முதல் நீதித்துறை அமைச்சகத்தின் நிலை. 2000இல் அதை மறுபடி உறுதி செய்தார்கள். ஆனால் பதவி முடிந்ததும் அந்தக் காப்பு போய்விடும். அதனால்தான் கடைசி முழு நாளான 2001 ஜனவரி 19 அன்று விசாரணை வழக்கறிஞர் ராபர்ட் ரேயுடன் கிளின்டன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். ஜோன்ஸ் வழக்கில் தெரிந்தே மழுப்பலான, தவறான திசைக்கு இழுக்கும் பதில்களைச் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஆர்கன்சா வழக்கறிஞர் உரிமம் ஐந்து வருடத்துக்கு முடக்கப்பட்டது, 25,000 டாலர் அபராதம் கட்டினார். அதற்கு ஈடாகக் குற்ற வழக்கு கைவிடப்பட்டது.

இதே பொய்யை வேறு சூழலில் வைத்துப் பார்த்தால் என் பதில் மாறும். போர் தொடங்கிய காரணம் பற்றி, தேர்தல் எண்ணிக்கையில் தலையிட்டது பற்றி, லஞ்சம் வாங்கி மன்னிப்பு வழங்கியது பற்றி அதிபர் சத்தியம் செய்து பொய் சொன்னால், பதவிக்காலம் முடியட்டும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பது ஆபத்து. பொய் மறைக்கிற அதே அதிகாரத்தை அவர் மறுநாளும் பயன்படுத்துவார். அப்படி ஒரு வழக்கு வரும்போது, குற்றச்சாட்டை எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்துக்கு ஒரு குற்றச்சாட்டு என்று, கேள்வியையும் பதிலையும் தேதியையும் அப்படியே உள்ளே வைத்து எழுத வேண்டும். 1998இல் அப்படி எழுதியிருந்தால், ஜனவரி 17 வாக்குமூலத்தில் பரிசு பற்றிச் சொன்ன அந்த ஒரே பதிலை எடுத்து வைத்திருந்தால், அறுபத்தேழு கிடைத்திராவிட்டாலும், அதிபர் பொய் சொன்னாரா இல்லையா என்பதற்காவது செனட் நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டிவந்திருக்கும்.